எலும்புக்கூடும் கைகுலுக்கலும்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஊரடங்கின் அமைதியில், தமிழகம் முழுவதும் கைபேசி வழியே ஓடிய குறும்படம் ஒன்றை வாசகர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். திருப்பூர் மாவட்டக் காவல்துறையினர் எடுத்த படம் அது. முகக்கவசமின்றிச் சுற்றிய இளைஞர் சிலரைக் காவலர் மறித்து, அருகில் நிற்கும் ஆம்புலன்சில் ஏற்றுகின்றனர். உள்ளே ஒருவர் படுத்திருக்கிறார். அவர் கொரோனா நோயாளி என்று அறிந்த மாத்திரத்தில் இளைஞர்கள் அலறுகின்றனர். ஜன்னல் வழியே உடலை நுழைத்து வெளியே பாயத் தலைப்படுகின்றனர். படுத்திருந்தவர் உண்மையில் நோயாளி அல்லர், நடிப்பதற்காகப் படுக்கவைக்கப்பட்டவர். பிறகு அறிவுரை வருகிறது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பங்கு இளையோருக்கு அனுப்பியும் வைத்தேன்.

அதே ஏப்ரல் மாதம் 19ஆம் நாள் இரவு சென்னையில் நடந்ததையும் நாம் அறிவோம். கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றபோது மக்கள் கூடி எதிர்த்தனர். வேலங்காட்டிற்குக் கொண்டு சென்றனர். அங்கே ஆம்புலன்சின்மீது கற்களும் கட்டைகளும் விழுந்தன. உடன் சென்றவர்கள் காயமுற்றனர். இறுதியில் அவருடைய மருத்துவ நண்பர் ஒருவரே நள்ளிரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடவேண்டியதாயிற்று. அவரது உடலை எடுத்துக் கீழ்ப்பாக்கத்தில் மறுபடியும் அடக்கம் செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது.

ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. படம் அவ்வாரத்தில்தான் பரவத் தொடங்கிற்று. கல்லெறிந்தவர்கள் அதைக் கண்டிருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் இரண்டு காட்சிகளிலும் ஆம்புலன்ஸ் நிற்கிறது. இரண்டிலும் உள்ளே ஒரு மனிதர் கிடக்கிறார். இரண்டிலும் அச்சம் அந்த மனிதரை நோக்கியே பாய்கிறது. குறும்படத்தை ஒரு கலைப்படைப்பாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் அதன் குறை புலனாகும். அந்த இளைஞர்கள் எதைக் கண்டு அஞ்சுகின்றனர்? கிருமியையா? கிருமி கண்ணுக்குத் தெரியாது. படத்தில் அதற்கு இடமே இல்லை. அங்கே காட்டப்படுவது நோயுற்றவர்தாம். முகக்கவசத்தை வலியுறுத்த எடுக்கப்பட்ட படம், நோயாளியைக் கண்டால் ஓடு என்று கற்பித்துவிட்டது. எடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை.

இதற்கு ஒரு மாதம் முன்பு, சென்னையில் காவல் ஆய்வாளர் ஒருவர் கொரோனா கிருமியின் வடிவில் செய்யப்பட்ட தலைக்கவசத்தை அணிந்து, சாலையில் போவோர் வருவோரை மறித்து எச்சரித்தார். உருண்டையான தலை, சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் சிவந்த முட்கள். கூத்து மேடையின் அரக்கன் போன்ற தோற்றம். படித்தவர்கள் அதைக் கேலி செய்தனர். எனக்கோ அந்தத் தலைக்கவசமே மேலான படைப்பாகத் தோன்றுகிறது. கிருமிக்கு அது ஒரு முகம் கொடுத்தது. அந்த முகம் எந்த நோயாளியின் முகமாகவும் இல்லை. குழந்தை அதைக் கண்டு அஞ்சினாலும், வீட்டிற்குத் திரும்பி இருமிக்கொண்டிருக்கும் பாட்டியைக் கண்டு அஞ்சாது.

முகமற்ற ஒன்றைக் கண்டு நெடுநேரம் அஞ்சிக்கொண்டிருக்க மனித மனத்தால் இயல்வதில்லை. அது ஒரு முகத்தைத் தேடுகிறது. சுகாதார அறிவிப்பை எழுதுவோர், வரைவோர், படம் எடுப்போர் முதலில் எண்ணிப் பார்க்கவேண்டியது இதுவே. நாம் முகம் ஒன்றைக் கொடுக்காவிட்டால், மக்கள் தம் அருகில் இருக்கும் முகத்தை எடுத்துக்கொள்வார்கள். நாமே நோயாளியின் முகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாலோ, தேடும் சிரமமும் அவர்களுக்கு இல்லை.

இவ்வகைப் படைப்புகளுள் உலகம் முழுவதும் பேசப்பட்டது ஆஸ்திரேலியாவில் 1987 ஏப்ரல் 5ஆம் நாள் முதன்முதலாக ஒளிபரப்பான எய்ட்ஸ் விளம்பரம். ஒரு நிமிடமே ஓடும் படம் அது. மூடுபனி சூழ்ந்த ஒரு பந்துருட்டும் கூடம். கந்தல் அங்கி போர்த்து, கையில் நீண்ட அரிவாள் ஏந்திய எலும்புருவம் பெரும் பந்தை உருட்டுகிறது. மறுமுனையில் மரக்கட்டைகளுக்குப் பதிலாக மனிதர்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றனர்: ஆண்கள், பெண்கள், அழும் சிறுமி, கைக்குழந்தையோடு ஒரு தாய். பந்து வந்து மோதுகிறது; அனைவரும் சரிகின்றனர். கலைநேர்த்தியைப் பொறுத்தவரை இதற்கு இணையானவை குறைவு. நாடே எய்ட்சைப் பற்றிப் பேசத் தொடங்கிற்று. அரசின் கவனமும் அந்நோயின்பால் திரும்பியது. இதனை மறுப்பதற்கில்லை.

ஆனால் பின்னணிக் குரல் என்ன சொல்கிறது? முதலில் ஓரினச் சேர்க்கையாளரும் போதை ஊசி போடுவோரும் மட்டுமே இந்நோயால் மாண்டனர். இப்போது நம்மில் எவரையும் அது கொல்லக்கூடும் என்ற பொருள்பட அக்குரல் பேசுகிறது. இங்கே இலக்கணத்தைக் கவனிக்கவேண்டும். முதலில் மாண்டவர்கள் படர்க்கை. இனி மாளக்கூடியவர்கள் தன்மைப் பன்மை. முன்னவருடைய சாவு வெறும் செய்தியாகச் சொல்லப்படுகிறது. நமது சாவுதான் துயரமாகக் காட்டப்படுகிறது. அவ்வாறாயின், ‘அவர்களிடமிருந்து’ ‘நம்மிடம்’ இதைக் கொண்டுவந்தவர் யார்? விளம்பரம் அவ்வினாவைக் கேட்கவில்லை. பார்ப்பவர் மனம் தானே கேட்டுக்கொள்கிறது. தானே விடையும் கண்டுகொள்கிறது. ஆஸ்திரேலியாவின் முதல் எய்ட்ஸ் நோயாளியைக் கண்டறிந்த பேராசிரியர் ரான் பென்னி பின்னாளில் இதையே எண்ணி வருந்தினார். ஓரினச் சேர்க்கையாளரும் தொற்றுக்கு ஆளானோருமே அந்த எலும்புருவமாகக் கருதப்படும்படி ஆகிவிட்டது என்பதே அவர் கூறியதன் சாரம். தாக்கப்பட்டவன் தாக்குபவனாக மாற்றப்பட்டுவிட்டான்.

அந்த எலும்புருவம் விளம்பரக்காரர்களின் புதுக் கண்டுபிடிப்பு அன்று. நம் திருச்சபையின் பழைய கலைக்கூடத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஐரோப்பாவைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போன நினைவு மாறாத காலத்தில், 1424-25ஆம் ஆண்டுகளில், பாரிஸ் மாநகரின் மாசில்லாக் குழந்தைகள் கல்லறைத் தோட்டச் சுவரில் ‘மரண நடனம்’ தீட்டப்பட்டது. ஒவ்வொரு மனிதரின் கையையும் ஒரு பிணம் பற்றி இழுத்துக்கொண்டு ஆடும். அந்த வரிசையில் முதலில் வருபவர் யார் தெரியுமா? திருத்தந்தை. அடுத்து பேரரசர். கர்தினால், அரசர், ஆயர், துறவி, வணிகர், உழவர், குழந்தை என்று வரிசை நீளும். ‘அவர்கள்’ என்ற சொல்லுக்கு அச்சுவரில் இடமில்லை. பார்ப்பவன் தன் இடத்தைத் தானே கண்டுகொள்வான். அண்டை வீட்டாரைச் சுட்டிக்காட்ட அவனுக்கு விரல் எழாது. அச்சமூட்டும் கலையாயினும் அது நேர்மையான கலை. ஐந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அந்த உருவத்தைக் கடன் வாங்கியவர்கள் அதன் நேர்மையை வாங்க மறந்துவிட்டார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் பிரிட்டனில், கல்லறைக் கல் ஒன்றில் எய்ட்ஸ் என்ற எழுத்துக்களை உளியால் செதுக்கும் விளம்பரம் வந்தது. அதுவும் இருண்ட படம்தான். ஆயினும் அதில் கல் இருந்ததேயன்றி மனிதர் இல்லை. மேலும், வீடுதோறும் ஒரு விளக்கச் சிற்றேடு சேர்ப்பிக்கப்பட்டது. அறியாமையால் சாகவேண்டாம் என்பதே அதன் தலைப்பின் கருத்து. அஞ்சியவன் கையில் படிப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது. இந்தச் சிறிய வேறுபாடு பெரிதும் முக்கியமானது என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன.

1953இல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் பள்ளி மாணவரிடையே பல் பாதுகாப்பைப் பற்றி மூன்றுவகை உரைகள் நிகழ்த்தச் செய்தனர். ஒன்று சொத்தைப் பல்லையும் சீழ்பிடித்த ஈறையும் காட்டி நடுங்கவைத்தது. மற்றொன்று மிதமாக அச்சமூட்டியது. மூன்றாவது மென்மையாக எடுத்துரைத்தது. நடுங்கியவர்கள் மிகவும் கவலைப்பட்டார்கள். ஆனால் அறிவுரையை அதிகம் பின்பற்றியவர்கள் மென்மையான உரையைக் கேட்டவர்களே. இதைக் கொண்டு அச்சத்தால் பயனே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பின்னர் வந்த ஆய்வுகள் பலவற்றில் அச்சமும் ஓரளவு பயன் தந்திருக்கிறது. எவ்விதமான அச்சம், எதனோடு சேர்ந்த அச்சம் என்பதே வினா. அதற்கு விடை தருவது 1965இல் ஹோவர்ட் லெவந்தால் என்பவர் தம் குழுவினருடன் யேல் பல்கலைக்கழக மாணவரிடையே நடத்திய ஆய்வு. இரணஜன்னியின் கொடுமையைச் சிலருக்கு அதிகமாகவும் சிலருக்குக் குறைவாகவும் விளக்கித் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதிகம் அஞ்சியவருக்கும் குறைவாக அஞ்சியவருக்கும் செயலில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் ஒரு சாராருக்கு மட்டும், சுகாதார நிலையத்தைக் குறித்த வரைபடம் ஒன்றைக் கொடுத்து, எந்த நாளில் எப்போது செல்வீர்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். அவர்களுள் நூற்றுக்கு 28 பேர் சென்று ஊசி போட்டுக்கொண்டனர். வரைபடம் பெறாதவருள் சென்றவர்கள் நூற்றுக்கு 3 பேரே.

இதைப் படித்தபோது என் நினைவு குருமடத்து அறநெறி இறையியல் வகுப்பிற்குச் சென்றது. அச்சத்தைக் கொண்டு மனிதரைத் திருத்தும் தொழிலில் எங்கள் கடை மிகப் பழையது என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. தவக்காலத் தியானங்களில் நரகப் பிரசங்கம் கேட்டு உறங்காதிருந்த இரவுகளை நம் பாட்டிமார் கதையாகவே சொல்வார்கள். பாவத்தின்மீதுள்ள வெறுப்பு தண்டனைக்கு அஞ்சி வந்தாலும் போதுமா, இறைவன்மீதுள்ள அன்பினால் வந்த உத்தம மனஸ்தாபமாகவே இருக்கவேண்டுமா என்ற வினாவை திரெந்து பொதுச்சங்கம் 1551இல் எடுத்து ஆராய்ந்தது. அச்சத்தால் வரும் குறைவுள்ள மனஸ்தாபமும், அருட்சாதனத்தில் அருளைப் பெற மனிதனை ஆயத்தப்படுத்தும் என்று அச்சங்கம் கூறியது. அச்சம் ஏற்கத்தக்கதாவது, அது ஒரு வாசலுக்கு இட்டுச்செல்லும்போது. நரகத்தைக் காட்டி நடுங்கவைத்த அதே பிரசங்கியார், அன்று மாலையே பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து நள்ளிரவு வரையில் காத்திருப்பார். அஞ்சியவனுக்கு அத்தொட்டி எங்கே இருக்கிறதென்று தெரியும். அங்கே பெயர் கேட்கமாட்டார்கள் என்பதும் தெரியும். யேல் மாணவர் கையிலிருந்த வரைபடமும் அதுதானே! தொட்டியை மூடிவிட்டுப் பிரசங்கம் மட்டும் செய்திருந்தால் எங்கள் மக்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

எய்ட்ஸ் ஒழிப்புப் பணியில் அப்படித்தான் நடந்தது. நடத்தியவர்களுள் நானும் ஒருவன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாக, தமிழகத்தின் சுவர்களில் மண்டையோடும் குறுக்கெலும்பும் எய்ட்சின் சின்னங்களாக விளங்கின. நான் குருவான புதிதில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில் அத்தகைய சுவரொட்டி ஒன்று என் கைக்கு வந்தது. கருப்புப் பின்னணியில் வெள்ளை மண்டையோடு. கீழே ‘எய்ட்ஸ் உயிரைக் கொல்லும்’ என்ற சொற்கள். சமூக அக்கறையுள்ள இளங்குரு என்ற பெருமிதத்தோடு, ஆலயத் தலைவாசலின் வலப்புறம், அறிவிப்புப் பலகைக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி அதை ஒட்டினேன்.

அந்தப் பங்கில் ஒரு கைம்பெண் இருந்தார். கணவர் லாரி ஓட்டியவர். நோய்வாய்ப்பட்டு மெலிந்து இறந்தவர். ஞாயிறுதோறும் தம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தலைவாசல் வழியே வந்து, தூணருகில் அமர்வார். சில வாரங்களுக்குப் பின் அவர் சாக்கிறிஸ்து அறையை ஒட்டிய சிறு வாசல் வழியே வரத் தொடங்கினார். வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு திருப்பலி தொடங்கிய பின் வந்து, நன்மை வாங்கியதும் போய்விடுவார். பிறகு வரவேயில்லை. வீடு சந்திக்கச் சென்றபோது அவருடைய தாயார்தாம் சொன்னார்: “அந்தப் படத்தைத் தாண்டி வர அவளுக்குக் கால் எழும்பலை சாமி. எல்லாரும் படத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பார்க்கிறாங்க.” அவருக்கு நோய் இருந்ததா இல்லையா என்பது அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. அன்று மாலையே சுவரொட்டியைக் கிழித்தேன். பசை உறுதியானது. மண்டையோட்டின் பாதி சுவரிலேயே தங்கிவிட்டது. அடுத்த திருவிழாவிற்குச் சுண்ணாம்பு அடிக்கும்வரையில் அது அங்கேயே இருந்தது.

அந்தச் சுவரொட்டியில் மருத்துவமனையின் பெயர் இல்லை. பரிசோதனை எங்கே செய்வார்கள் என்ற குறிப்பு இல்லை. தொட்டால் தொற்றாது, ஒரே குவளையில் நீர் அருந்தினால் தொற்றாது என்ற ஒரு வரிகூட இல்லை. கொல்லும் என்பது மட்டுமே இருந்தது. கொல்லும் என்று கேட்டவன் என்ன செய்வான்? கொல்வது எங்கே இருக்கிறது என்று சுற்றிலும் பார்ப்பான். நோய்களுக்கு நாம் ஏற்றும் உருவகங்கள் நோயாளியையே அழுத்துகின்றன என்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1989இல் எய்ட்சைப் பற்றி ஒரு சிறுநூலே எழுதினார். அவரே புற்றுநோயோடு போராடியவர். அந்நூலை நான் முன்பே படித்திருந்தால் சுவரொட்டியை ஒட்டியிருக்கமாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஒட்டியிருப்பேன் என்றே தோன்றுகிறது.

2000-களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களை நிரப்பிய ‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற வினாவும் இங்கே நினைவுக்கு வருகிறது. மண்டையோட்டை விட்டுவிட்டு ஆர்வத்தைத் தூண்டியது அது. தேநீர்க் கடைகளில் பேச்சை எழுப்பியது. ஆணின் நடத்தையைப் பேசுபொருளாக்கியது. அந்த அளவில் பாராட்டத்தக்கதே. ஆயினும் அங்கும் படர்க்கைதான். வருமா என்று கேட்பது இன்னொருவனைப் பற்றி. எனக்கு வருமா என்று கேட்கும் துணிவு அதற்கும் வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் நம் மண்ணிலேயே பழைய அறிவிப்பு முறை ஒன்று இருந்திருக்கிறது. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவது நம் இந்துச் சகோதரரின் வழக்கம். நோயை அவர்கள் அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். அதன் சமயக் கருத்தை நாம் ஏற்கிறோமா என்பது வேறு கேள்வி. அறிவிப்பு என்ற முறையில் அதைப் பாருங்கள்: வெளியார் உள்ளே வரவேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது, உள்ளே படுத்திருப்பவரை இழிவுபடுத்தாமல் சொல்கிறது. 2020இல் சென்னையில் நோயுற்றோர் வீட்டு வாசல்களில் அடிக்கப்பட்ட தகரங்களும் ஒட்டப்பட்ட தாள்களும் முதற்பாதியைச் செய்தன, பிற்பாதியைச் செய்யவில்லை. அத்தகைய தாள்களைப் பொதுவிதியாக ஒட்டக்கூடாது என்று அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. கைபேசியில் இருமல் ஒலியோடு தொடங்கிய அரசின் அறிவிப்பும் சில மாதங்களில் மாறி, நாம் போராடவேண்டியது நோயோடுதான், நோயாளியோடு அல்ல என்று நாள்தோறும் நமக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று. முதலில் இருமலைக் கேட்டு நடுங்கியவர்களுக்கு அந்தத் திருத்தம் எவ்வளவு தூரம் எட்டியது என்று தெரியவில்லை.

லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்தில் தொழுநோயாளியே தன் தீட்டைக் கூவி அறிவித்துக்கொண்டு பாளையத்திற்கு வெளியே வாழவேண்டும் என்ற விதி உள்ளது. நோயாளியையே சுவரொட்டியாக்கிய விதி அது. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலோ, ஆண்டவர் நோயாளியைக் குணப்படுத்திவிட்டுத் தொடவில்லை; தொட்டுவிட்டுத்தான் குணமாகச் சொல்கிறார். அந்த வரிசைமுறையை நான் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். அதைச் சுகாதார அறிவிப்பாக எண்ணிப் பார்த்ததில்லை.

ஆஸ்திரேலியாவில் எலும்புருவம் பந்து உருட்டத் தொடங்கிய நான்காம் நாள், 1987 ஏப்ரல் 9 அன்று, லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான பிரிவைத் திறந்துவைத்த இளவரசி டயானா, நோயாளி ஒருவரின் கையைக் கையுறை இல்லாமல் பற்றிக் குலுக்கினார். நோயாளியின் முகம் படத்தில் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். அக்காலத்தில் முகம் தெரிந்தால் அவர் வாழ முடியாது. தொட்டால் தொற்றாது என்று எத்தனையோ துண்டுப்பிரசுரங்கள் சொன்னதை அந்த ஒரு படம் பேசாமலே சொல்லிற்று. அந்தக் கைகுலுக்கலால் ஓர் உயிரேனும் தொற்றிலிருந்து தப்பியதா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குக் காட்ட என்னால் இயலாது. அஞ்சி ஒளிந்தவன் பரிசோதனைக்கு வரமாட்டான், வராதவனுக்கு மருந்து கிடைக்காது என்பதை மட்டும் சொல்லலாம். 2004 ஏப்ரல் முதல் நம் நாட்டில் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒழுங்காக மருந்துண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதும் இன்று உறுதியாகத் தெரிந்த செய்தி. மண்டையோட்டை அறிந்தவர்களுள் எத்தனை பேர் இதை அறிவார்கள்? நம் அன்பியக் கூட்டம் ஒன்றில் கேட்டுப் பார்த்தேன். இருபதுக்கு மேற்பட்டோர் இருந்த கூட்டத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சென்ற தவக்காலத்தில் சுகாதாரப் பணியாளரான ஒரு சகோதரி காசநோய்ச் சுவரொட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஆலயத்தில் ஒட்ட அனுமதி கேட்டார். விலா எலும்புகள் தெரிய ஒருவர் குனிந்து இருமும் படம். சளிப் பரிசோதனை நடைபெறும் இடமும் நேரமும் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தன. மருந்து தொடங்கிய சில வாரங்களில் நோயாளியிடமிருந்து தொற்றும் அபாயம் பெரிதும் குறைந்துவிடும் என்பது எங்கும் இல்லை. சொன்னேன். “உண்மைதான் ஃபாதர், இதுதான் எங்களுக்குக் கொடுத்தது” என்றார் அவர். உபதேசியாரை அழைத்து, இடத்தையும் நேரத்தையும் அந்தச் செய்தியையும் ஒரு வெள்ளை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னோம். எழுதி முடித்தவர், “அப்போ இந்தப் படத்தை எங்கே ஒட்டுறது சாமி?” என்று கேட்டார். சகோதரி என்னைப் பார்த்தார். அவர் மேலிடத்திற்குக் கணக்குக் காட்டவேண்டும். படத்தைச் சுருட்டி அலுவலக மேசைமேல் வைத்துவிட்டு, அட்டையைத் தலைவாசலில் ஒட்டினோம்.